பாகவதரின் கடைசிக் கச்சேரிகள்

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தப் படத்தைப் பன்னிரண்டு வயதில் ஏழு முறை பார்த்தவர் என் தந்தை. ஏழிலும் காசு கொடுத்துப் பார்த்தது இரண்டு முறைதான் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகே ஒப்புக்கொண்டார். அவருடைய நாயகனான எம்.கே.தியாகராஜ பாகவதரை நேரில் கேட்க, அவர் மேலும் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் பாகவதர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் நாட்டமின்றி ஊரைவிட்டு ஓடிய சிறுவனைக் கடப்பையில் பாடிக்கொண்டிருந்த நிலையில் தந்தை கண்டுபிடித்து அழைத்துவந்தார் என்பார்கள். பிறகு எஃப்.ஜி.நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபாவில் ‘அரிச்சந்திரா’ நாடகத்தின் லோகிதாசன் வேடம் கிடைத்தது. முறையான சங்கீதத்தை வயலின் வித்வான் பொன்னு ஐயங்காரிடம் கற்றார். 1934இல் ‘பவளக்கொடி’, 1937இல் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’ எனத் தொடர்ந்து வெற்றி. பாபநாசம் சிவனின் சாகித்யமும் ஜி.ராமநாதனின் இசையும் அந்தக் குரலுக்கு வாய்த்த பெரும்பேறு. ராகத்தை அறியாத வண்டிக்காரரும் அதை ராகம் பிசகாமல் பாடினார். சபாக்களுக்குள் இருந்த இசையைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் அவருக்கு இணையாக இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை.

‘ஹரிதாஸ்’ ஓடத் தொடங்கிய சில வாரங்களில், 1944 நவம்பரில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை நடந்தது. பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று திரும்பியது. இறுதியில் 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. நாயகன் சிறையில் இருந்தபோதும் படம் நிறைந்த அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாடுபவரைக் காண முண்டியடித்த அதே கூட்டம், வெளியே அவருடைய குற்றத்தைப் பற்றி வாதிட்டது.

வெளியே வந்த கலைவாணர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாகவதரால் அது முடியவில்லை. 1948இல் புனேயில் எடுத்த ‘ராஜமுக்தி’ தோற்றது. ‘அமரகவி’, ‘சியாமளா’ ஆகியவையும் கைகொடுக்கவில்லை. 1957இல் தாமே இயக்கிய ‘புதுவாழ்வு’ம் அப்படியே. சிறைதான் அவரை வீழ்த்தியது என்ற பொதுக்கருத்தை நான் பாதியளவே ஏற்கிறேன். அவர் உள்ளே இருந்த காலத்தில் சந்தை மாறத் தொடங்கியிருந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது மக்கள் வசனத்துக்காகத் திரையரங்கு சென்றார்கள். பாட்டுக்காகவே படம் என்ற பண்டத்துக்குத் தேவை குறைந்துவிட்டது. அதை உற்பத்தி செய்யத் தெரிந்தவருக்கு வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பியதாகவும் தோன்றவில்லை.

கச்சேரிகள் மட்டும் நிற்கவில்லை. 1958இல் லால்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவர் பாடுகிறார் என்று கேள்விப்பட்டு, என் தந்தை பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் போனார். நீரிழிவு நோய் பாகவதரின் பார்வையை ஏறக்குறையப் பறித்திருந்த காலம் அது. ஒருவர் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவந்தார். பட்டு ஜிப்பாவும் காதில் கடுக்கனும் இருந்தன; உடம்பு பாதியாகியிருந்தது. முதலில் கீர்த்தனைகளைப் பாடினார். கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டுகள் போயின. எல்லாவற்றிலும் ‘ஹரிதாஸ்’ பாடல்கள். அருகிலிருந்தவர் படித்துச் சொல்ல, ஒவ்வொன்றாகப் பாடினார். முன்பு ஒரே மூச்சில் ஏறிய இடங்களில் நிறுத்தி, வயலினை நிரப்பவிட்டு, பிறகு மேலே போனார். சுருதி மட்டும் எங்கும் விலகவில்லை என்பதை என் தந்தை ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வார். நடுவில் எழுந்து போனவர்களும் உண்டு என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

1959 நவம்பர் 1 அன்று, 49ஆம் வயதில், சென்னை பொது மருத்துவமனையில் பாகவதர் மறைந்தார். உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் நடித்து முடித்திருந்த ‘சிவகாமி’ 1960இல் வெளியானது. எங்கள் ஊருக்கும் அந்தப் படம் வந்தது. என் தந்தை போகவில்லை.