டோப்பா பின்னிய சிறுவன் உலகப் புகழ் பெற்றான்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் முகத்தில் அரிதாரத்தைக் கனமாகப் பூசிக்கொள்வார்கள். கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனன் முகம் தெரியவேண்டும் அல்லவா?

ஆனால், சினிமா காமிரா தூரத்தில் நிற்பதில்லை. மூக்குக்கு நேரே வந்து நிற்கிறது. கனமான பூச்சு உலர்ந்தால், வெடித்த வயல் போலப் படத்தில் தெரியும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர், மாக்ஸ் பாக்டர்.

ஏழைச் சிறுவன்

மாக்ஸ் 1870-களில், போலந்து நாட்டில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி, ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது.

வீட்டில் பிள்ளைகள் அதிகம். படிக்க வைக்க வசதி இல்லை. எட்டு வயதில் மருந்துக்கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். ஒன்பது வயதில், டோப்பா செய்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

வளர்ந்ததும் மாஸ்கோ சென்று, நாடக நடிகர்களுக்கு ஒப்பனை செய்யக் கற்றார். பட்டாளத்திலும் வேலை பார்த்தார். பிறகு ரியாசான் என்ற ஊரில் சொந்தக் கடை வைத்தார். முகப்பூச்சு, வாசனைத் தைலம், டோப்பா எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து விற்றார்.

ஒரு நாடகக் குழுவினர் அவருடைய சரக்கைப் பூசிக்கொண்டு, பிரபுக்கள் முன்னிலையில் நடித்தார்கள். உடனே அரண்மனையில் இருந்து அழைப்பு வந்தது.

தங்கக் கூண்டு

அரண்மனை வேலை பெரிய வேலைதான். ஆனால் சுதந்திரம் இல்லை. நினைத்த இடத்துக்குப் போக முடியாது. அவர் கல்யாணம் செய்துகொண்டதுகூட ரகசியமாகத்தான். யூதர்களுக்கு அந்த நாட்டில் ஆபத்தும் அதிகமாகிக்கொண்டு வந்தது.

1904-ம் ஆண்டு, தப்பிவிட முடிவு செய்தார். எப்படி? மஞ்சள் பூச்சைத் தன் முகத்திலேயே பூசிக்கொண்டு, காமாலை நோயாளி போல மாறினாராம்! சிகிச்சைக்காக வெளியூர் போக அனுமதி கிடைத்தது. அப்படியே மனைவி மக்களுடன் கப்பல் ஏறி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தார் என்பது அவர் வரலாற்றில் சொல்லப்படும் கதை.

கூட்டாளி செய்த மோசம்

அந்த ஆண்டு செயின்ட் லூயி நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. மாக்ஸ் அதில் கடை போட்டார். வியாபாரம் நடந்தது. ஆனால் கூட்டாளி பணத்தையும் சரக்கையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான்!

பாஷை தெரியாத ஊர். கையில் காசு இல்லை. உறவினர் உதவியுடன் முடிதிருத்தும் கடை வைத்தார். 1906-ம் ஆண்டில் மனைவியும் இறந்துபோனார்.

சரக்கைத் திருடலாம், கைத்தொழிலைத் திருட முடியுமா? 1908-ல் குழந்தைகளுடன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போனார். மறு ஆண்டே அங்கே கடை திறந்தார்.

சினிமாவுக்கு வந்தார்

அப்போதுதான் ஹாலிவுட்டில் சினிமாத் தொழில் தலையெடுத்தது. டைரக்டர் சிசில் டிமில், படத்துக்கு டோப்பாக்களை வாடகைக்குக் கேட்டார். மாக்ஸ் ஒரு நிபந்தனை போட்டார். தன் மகன்களுக்குப் படத்தில் சிறு வேடம் தரவேண்டும். எதற்கு? டோப்பாக்கள் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான்! ஒரு முறை ஏமாந்தவர் அல்லவா?

1914-ல் மெல்லிய முகப்பூச்சைக் கண்டுபிடித்தார். அது பன்னிரண்டு நிறங்களில் இருந்தது. முகம் சிரித்தாலும் சுருங்கினாலும் பூச்சு வெடிக்கவில்லை.

அந்தக் காலத்தில், முகப்பூச்சு நடிகைகளுக்கு மட்டுமே என்று குடும்பப் பெண்கள் ஒதுங்கியிருந்தார்கள். மாக்ஸ் அதை மாற்றினார். அவரவர் தோல், தலைமுடி, கண் இவற்றின் நிறத்துக்கு ஏற்ற பூச்சை 1920-களில் எல்லோருக்கும் விற்றார்.

பான்கேக்

கலர் படம் வந்ததும் புதுத் தொல்லை வந்தது. பழைய பூச்சு முகத்தில் பளபளத்தது. மாக்சும் மகன் பிராங்கும் பாடுபட்டு, நீரில் நனைத்துப் பூசும் வில்லையைச் செய்தார்கள். அதுதான் பான்கேக். 1937-ல் ஒரு படத்துக்காக வந்த வில்லைகளை, நடிகைகள் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார்கள்! பிறகு அது கடைகளில் விற்பனைக்கு வந்தது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவின் மேக்கப் அறையிலும் பான்கேக் மலிந்து கிடந்தது.

1938 ஆகஸ்டு 30-ந் தேதி மாக்ஸ் காலமானார். மகன் பிராங்க், தந்தையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு கம்பெனியை நடத்தினார். பிற்காலத்தில் கம்பெனி பல கை மாறியது. ஆனாலும், டோப்பா பின்னிய அந்தச் சிறுவனின் பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது.