பொகவந்தலாவையில் துயிலும் கமரன் அம்மையார்

கம்பளையிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட் என்று மலையேறிச் சென்றால் பொகவந்தலாவை வரும். அங்கே தேயிலை மலைகளின் நடுவே புனித மரியாள் ஆலயம் என்னும் சிறிய ஆங்கிலிக்கன் கோவில் ஒன்று உண்டு. உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அதன் வளவிலேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்தப் பாதையால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போய் வந்த நம்மில் பலருக்கு இது தெரியாது. ஒரு துரைசானிக்கு எமது நூற்றாண்டு மலரில் என்ன இடம் என்று சகோதரிகள் சிலர் கேட்கவும் கூடும். சற்றுப் பொறுத்து வாசியுங்கள்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. தாய் பிரெஞ்சு வம்சாவளியினர். கல்வி பெரும்பாலும் பிரான்சில், பாட்டியாரிடத்தில். 1838இல் தம்மைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. வரலாற்றுப் பாடத்தில் நாம் மனனம் செய்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவரே. இராஜகாரியத்தை ஒழித்து, கண்டிப் பிரதேசத்தின் தனி நிருவாகத்தை முடித்து, சட்டநிரூபண சபையை ஏற்படுத்திய 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் அவர் பெயர் இருக்கிறது. பரீட்சைக்காக அவரைப் படித்தோம். மனைவியைப் பற்றி ஒரு வரியும் படிக்கவில்லை.

1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. பிள்ளைகள் வளர்ந்தனர், கணவர் இலங்கைக் காணிகளைக் கவனிக்க அடிக்கடி கப்பலேறினார். வைட் தீவிலே அவர்கள் வாங்கிய வீட்டுக்கு நமது திம்புள்ளையின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். 1863ஆம் ஆண்டு நத்தாருக்கு மகளும் மருமகனும் அம்மாவின் தனிமைக்குத் துணையாக ஒரு கமெரா வாங்கிக் கொடுத்தனர். அப்போது அவருக்கு வயது 48. பேரப்பிள்ளை பார்க்கும் வயது என்று நமது வீடுகளில் சொல்வார்கள். அவரோ கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாகவும் கரி போடும் கொட்டிலை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார்.

அந்தக் காலத்துப் படம் பிடித்தல் லேசான காரியமன்று. கண்ணாடித் தகட்டில் பசை மருந்து பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். அவர் பின்னாளில் கையாண்ட தகடுகள் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். முன்னால் இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். மருந்து பட்டு அவர் கைகளும் உடுப்பும் மேசைவிரிப்புகளும் கறுத்துப் போயின. படங்கள் தெளிவில்லை, மங்கல் என்று பத்திரிகைகள் பரிகசித்தன. அவர் தம் வழியை மாற்றவில்லை. கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹேர்ஷல், எழுத்தாளர் கார்லைல் ஆகியோரின் முகங்களை இன்று உலகம் அவர் எடுத்த படங்களினூடாகவே அதிகம் அறிந்திருக்கிறது. வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரை மரியன்னையாக நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரும் நிலைத்துவிட்டது.

1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கே குடிவந்தனர். கையில் பணம் சுருங்கியிருந்தது. கோப்பிப் பயிரில் 1869இல் கண்ட இலைநோய் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இங்கே உத்தியோகத்திலும் தோட்டத்திலும் இருந்தனர். சவப்பெட்டிகளில் கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களை அடுக்கிக் கப்பலேற்றினார்கள் என்று குடும்பத்தார் கதை சொல்வர். களுத்துறைக் கடற்கரையிலும் டிக்கோயாவிலும் மாறிமாறி வாழ்ந்தனர். 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய புகையிரதம் ஹட்டனுக்கு வர இன்னும் பத்து வருடம் இருந்தது. ஆகவே அதற்கு மேல் வண்டிப் பயணந்தான். நமது முன்னோர் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து மலையேறியதும் அதே காலத்திலேதான்.

இங்கே அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றில் இருப்போர் ஊர்க் குடியானவர்களும் வேலையாட்களும் தோட்டத் தொழிலாளரும். களுத்துறைப் படமொன்றின் கீழ், சிறுமிக்கு வயது 12 என்றும், தகப்பன் என்று சொல்லும் கிழவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. வயது எழுதியவர் பெயரை எழுதவில்லை. மற்றப் படங்களிலும் பெரும்பாலும் இளம் பெண், குடியானவர் என்ற அளவோடு சரி. மேரி ஹில்லியருக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மையாரை எவ்வளவு மெச்சினாலும் இந்தக் குறையை நம்மால் மறைக்க இயலாது, படத்திலிருப்பவர்கள் நம்மவர்கள்.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளன்கெயான் தோட்டத்தில், மகனின் பங்களாவில், 63ஆவது வயதில் அவர் காலமானார். வெள்ளை மாடுகள் பூட்டிய திறந்த வண்டியில் பூதவுடலைப் பொகவந்தலாவைக்குக் கொண்டு சென்றனர். மறுவருடம் மே மாதம் கணவரும் இறந்து பக்கத்திலேயே அடக்கமானார். அம்மையாரின் சகோதரியின் மகளான ஜூலியா ஜாக்சனின் மகள்தான் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப். 1926இல் அவர் பெரிய பாட்டியாரின் படங்களை நூலாக்கி, பெயரை மீண்டும் உலகறியச் செய்தார்.

அதே மலைகளில் கோப்பிக் காலத்தில் மாண்ட நமது பூட்டிமார் பலருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. தோட்டத்து மயானங்களின் மேல் தேயிலை வளர்ந்துவிட்டது. பொகவந்தலாவைக் கல்லறையைப் பார்க்கச் செல்லும் சகோதரிகள் இதையும் நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டுப் பழைய அல்பங்களிலும் எமது வகுப்புக் குழுப் படங்களிலும் இருப்போரை இனங்காணக்கூடிய மூத்த சகோதரிகள் எந்த நாட்டில் இருந்தாலும், இடமிருந்து வலமாகப் பெயர், வருடம், தோட்டம் அல்லது ஊர் ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி, பிரதியொன்றைச் சங்கத்துக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.