பதினெட்டு வயதில் ஒரு விண்ணப்பம் – டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி



வெளிநாட்டில் போய்ப் படிக்கணும் என்ற ஆசை இப்போது நம் பள்ளியிலேயே பல பேருக்கு இருக்கிறது. எந்த நாடு, எந்தக் கல்லூரி, ஃபீஸ் எவ்வளவு, ஸ்காலர்ஷிப் உண்டா, டோஃபல் எழுதணுமா என்று பிளஸ் டூ அக்காக்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று ஒரு பக்கம் சொந்தமாக எழுதி அனுப்ப வேண்டுமாம். அந்த ஒரு பக்கத்தில்தான் எல்லாருக்கும் பேனா நின்று போகிறது.

அந்த மாதிரி ஒரு பக்கத்தை 1883-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஒரு இந்தியப் பெண். அப்போது அவருக்கு வயது 18. இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது அவரைப் பற்றித்தான். பெயர் ஆனந்திபாய் ஜோஷி. அமெரிக்கா போய் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

பிறந்தது 1865 மார்ச் 31. மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாண் ஊர்க் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் யமுனா. ஒன்பது வயதில் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். (ஒன்பது வயது என்றால் நாலாம் வகுப்பு! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.) மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, தபால் இலாகாவில் குமாஸ்தா. மனைவியை இழந்தவர், யமுனாவை விட ஏறக்குறைய 20 வயது பெரியவர். கல்யாணத்துக்குப் பிறகு ஆனந்தி என்று பெயர் மாறியது.

இந்தக் கோபால்ராவ் ஒரு விசித்திரமான மனிதர். அந்தக் காலத்து ஆண்கள் மனைவி புத்தகத்தைத் தொட்டால் கோபித்துக்கொள்வார்கள். இவரோ படிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்! கோபம் என்றால் வெறும் திட்டு இல்லை, அடி. சின்ன வயதில் தன் மேல் கட்டையும் புத்தகமும் வந்து விழுந்ததை ஆனந்திபாயே பிற்பாடு கணவருக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்தியிருக்கிறார். சில புத்தகங்களில் இவரை ஒரு தியாகி மாதிரி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இவர் பிடிவாதம் இல்லாமல் ஆனந்திபாய் படித்திருக்க முடியாது என்பதும் நிஜம், இவர் அடித்ததும் நிஜம். ரெண்டையும் எழுதத்தான் வேணும்.

14 வயதில் ஆனந்திபாய்க்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாளில் இறந்துபோனது. சரியான வைத்தியம் கிடைத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்தில் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். செத்தாலும் சரி என்று வீட்டிலேயே கிடப்பார்கள். பெண் மருத்துவர்களோ கிடையாது. அப்போ நாமே ஏன் மருத்துவராகக் கூடாது? அவருடைய முடிவு இங்கேதான் ஆரம்பம்.

சரி, எங்கே படிப்பது? இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டு அமெரிக்கா போகவில்லை. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர். கல்கத்தாவில் அப்போது பெண்களுக்கு இடம் இல்லை. அதனால் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் என்ற பெண் 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார் (பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவி ஆனவர் இவர்தான்). ஆக, சென்னையில் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. இது ஆனந்திபாய்க்கும் தெரியும். ஆனால் இங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அரைகுறையாக இருக்கிறது, பாடம் நடத்துகிறவர்களுக்கே பெண்கள் படிப்பது பிடிக்கவில்லை என்பது அவர் கணிப்பு. பிரசவ வகுப்பு மட்டும் படித்துவிட்டு வர அவருக்கு இஷ்டமில்லை. முழு எம்.டி. பட்டம் வேண்டும்.

அமெரிக்கா என்ற எண்ணத்தை முதலில் கிளப்பியவர் கோபால்ராவ். ராயல் வைல்டர் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்கு ஒரு கடிதம் போட்டார். மனைவியைப் படிக்க வைக்கணும், அங்கே எனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டார். பாதிரியார் உதவி செய்யவில்லை, நீங்கள் கிறிஸ்தவராக மாறலாமே என்கிற தோரணையில் பதில் எழுதி, ரெண்டையும் தன் பத்திரிகையில் அச்சுப் போட்டுவிட்டார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் 1880-ல் நியூஜெர்சி மாநிலம் ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடீசியா கார்பென்டர் என்ற பெண்மணி பல் டாக்டரைப் பார்க்கப் போனார். காத்திருக்கும் நேரத்தில் அங்கே கிடந்த பழைய பத்திரிகையைப் புரட்டினார். அதில் இந்தக் கடிதம்! யாரோ முன்பின் தெரியாத இந்தியப் பெண்ணுக்கு உதவணும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பல் வலியால் ஒரு நல்லது நடந்தது என்று சொல்லலாம்.

அப்புறம் ரெண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து. கப்பலில் கடிதம் போய் வர மாதக்கணக்கில் ஆகும். ஆனந்திபாய் ஆங்கிலத்தில் நன்றாக எழுதக் கற்றதே பெரும்பாலும் இந்தக் கடிதங்களால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கார்பென்டரை, நாம் சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி, உறவு சொல்லியே எழுத ஆரம்பித்தார். ஆனந்திபாய்க்கு அடிக்கடி தலைவலி, காய்ச்சல். கார்பென்டர் அமெரிக்காவிலிருந்து மருந்துகூட அனுப்பியிருக்கிறார்.

இதற்குள் கோபால்ராவுக்குக் கல்கத்தா பக்கத்தில் இருக்கும் செராம்பூருக்கு மாற்றல். கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் முதலில் திட்டம். ஆனால் கையில் காசு இல்லை. கோபால்ராவின் தாயாரையும் தம்பிகளையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. நீ மட்டும் போ என்று சொல்லிவிட்டார். ஒரு பிராமணப் பெண், கணவன் இல்லாமல், கடல் தாண்டி! ஊரே கொதித்தது. தெருவில் நடந்தால் கேலி. ஒரு பக்கம் சொந்த சாதிக்காரர்கள், சாதியை விட்டு ஒதுக்கிவிடுவோம் என்றார்கள். இன்னொரு பக்கம் சில பாதிரிமார்கள், மதம் மாறினால் உதவி உண்டு என்றார்கள். அவர் ரெண்டு பக்கமும் சாயவில்லை.

1883 பிப்ரவரியில் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு ஆங்கிலத்தில் பேசினார். தன்னிடம் எல்லாரும் கேட்கிற கேள்விகளை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஏன் அமெரிக்கா? இந்தியாவில் படிக்க வழி இல்லையா? ஏன் தனியாக? திரும்பி வந்தால் சாதியை விட்டுத் தள்ள மாட்டார்களா? அங்கே ஏதாவது ஆபத்து வந்தால்? எந்தப் பெண்ணும் செய்யாததை நீ ஏன் செய்யணும்? பாருங்கள், இன்றைக்கும் வெளிநாடு போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், ஒண்ணு ரெண்டைத் தவிர இதே கேள்விகள்தான் வீட்டில் கேட்பார்கள்! சாதி பற்றிய கேள்விக்கு அவர் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கேயும் நான் இந்துவாகவே, இதே உணவு, இதே உடையோடு இருப்பேன், பிறகு எதற்கு ஒதுக்க வேண்டும், அப்படியும் ஒதுக்குவதானால் இப்போதே ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னார். இதையெல்லாம் பத்திரிகைகள் எழுத, உதவிப் பணமும் கொஞ்சம் வந்தது. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவும் கொடுத்தார். மீதிக்கு, அப்பா போட்ட தங்க வளையல்கள் விற்கப்பட்டன.

1883 ஏப்ரல் 7-ல் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். துணைக்குப் பெண்மணிகள் சிலர். ஜூன் 4-ல் நியூயார்க். கார்பென்டர் நேரில் வந்து அழைத்துப் போனார். அதுவரை முகமே பார்க்காதவர்கள்!

இப்போது அந்த விண்ணப்பத்துக்கு வருகிறேன். தேர்ந்தெடுத்த கல்லூரி பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. 1850-ல் பெண்களுக்கென்றே தொடங்கியது. உலகத்திலேயே பெண்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்த முதல் கல்லூரிகளில் ஒன்று. ஜூன் மாதக் கடைசியில் ரோசெல் வீட்டிலிருந்து கல்லூரிச் செயலாளருக்கு அவர் கடிதம் எழுதினார்.

அதில் மார்க் பட்டியல் கிடையாது, பெரிய பள்ளியின் சான்றிதழ் கிடையாது. வீட்டிலும் கொஞ்ச காலம் பள்ளியிலும் படித்தவர், வேறென்ன இருக்கும்? இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. என்னுடைய நிலைமை தனி, அதனால் நுழைவு விதிகளில் கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது என்றார் (இது முழுக்க உண்மையா என்று எனக்குச் சந்தேகம்தான்). நண்பர்களும் சாதியும் சேர்ந்து எதிர்த்தும் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறேனே, அந்த உறுதி படிப்பிலும் உதவும் என்றார். கடைசியில் எதற்குப் படிக்கிறேன் என்பதைச் சொன்னார். ஆண் மருத்துவரிடம் போவதை விடச் சாவதே மேல் என்று இருக்கிற என் நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க. அவ்வளவுதான் கடிதம். சின்னதுதான்.

கல்லூரி முதல்வர் ரேச்சல் பாட்லி, வேதியியல் பேராசிரியர். இடம் கொடுத்ததோடு, மூன்று வருஷத்துக்கு 600 டாலர் உதவித்தொகைக்கும் ஏற்பாடு ஆனது.

படிப்பு சுகமாக இல்லை. மராத்தியப் பெண்களின் ஒன்பது கஜச் சேலை அந்தக் குளிரில் காலை மூடாது. அதனால் குஜராத்தி முறையில் சேலை கட்ட ஆரம்பித்தார். கவுன் போட்டுக்கொள்ளவில்லை. அதை ஒரு பெரிய விஷயமாகக் கணவருக்கு எழுதி விளக்க வேண்டியிருந்தது! சைவச் சாப்பாடுதான், அதையும் தானே சமைக்கணும். தங்கிய அறையில் கணப்பு மூட்டினால் அறை முழுக்கப் புகை, மூட்டாவிட்டால் குளிர். முதல் வருஷத்திலேயே டிப்தீரியா வந்து பிழைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காசநோய். இருந்தாலும் வகுப்பை விடவில்லை.

1886 மார்ச் 11-ல் எம்.டி. பட்டம். பழங்கால இந்துக்களின் பிரசவ மருத்துவம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். கோபால்ராவும் அதற்குள் அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தார். பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து விழாவுக்கு வந்தார். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்து வந்தது. கோலாப்பூர் சமஸ்தானம், ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பு மருத்துவராக அவரை நியமித்தது.

அந்த வேலையில் அவர் சேரவே இல்லை. 1886 கடைசியில் நோயோடுதான் கப்பலிலிருந்து இறங்கினார். சாதியை விட்டு ஒதுக்குவோம் என்ற ஊர் இப்போது பார்க்கக் கூடியது. 1887 பிப்ரவரி 26-ல் புனேயில் இறந்துபோனார். 22 வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு நோயாளிக்குக்கூட இங்கே வைத்தியம் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு என் தோழி, அவர் போயிருக்கவே கூடாது என்கிறாள். கல்கத்தா மருத்துவக் கல்லூரி கொஞ்ச நாளில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது, காதம்பினி கங்கூலி அங்கேயே படித்து அதே 1886-ல் தேறினார், பல வருஷம் வைத்தியமும் பார்த்தார், ஆனந்திபாய் கொஞ்சம் பொறுத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்பது அவள் வாதம். நான் சொல்கிறேன், 1883 ஏப்ரலில் கப்பல் ஏறும்போது கல்கத்தா கதவு மூடித்தானே இருந்தது? அது எப்போ திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் சண்டை இன்னும் தீரவில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று கீழே விட்டிருக்கும் இடத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

அவர் அஸ்தியை கார்பென்டருக்கு அனுப்பி வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் போகீப்சி என்ற ஊரில், தங்கள் குடும்பக் கல்லறை இடத்தில் கார்பென்டர் அதை வைத்தார். இன்றும் அங்கே ஆனந்திபாய் பெயரில் ஒரு கல் இருக்கிறது.

பக்கத்தில் நான் வரைந்திருப்பது 1885-ல் அந்தக் கல்லூரியில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து. மூன்று வெளிநாட்டு மாணவிகள், அவரவர் நாட்டு உடையில். இடது பக்கம் சேலையில் ஆனந்திபாய். நடுவில் கிமோனோவில் இருப்பவர் ஜப்பானின் கேய் ஒகாமி, 1889-ல் பட்டம் பெற்றார். வலது பக்கம் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலி, 1890-ல். முகம் சரியாக வரவில்லை என்றால் மன்னிக்கவும், சேலை மடிப்பு மட்டும் நன்றாக வந்திருக்கிறது என்று டிராயிங் சார் சொன்னார்.