பூனைப் பெட்டியில் தொடங்கிய வென்டிலேட்டர்

தீபாவளி நேரத்துல தி.நகர் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மாட்டியிருக்கீங்களா? நெஞ்சை விரிக்கவே இடம் இருக்காது. நெஞ்சு விரிஞ்சாத்தான் காற்று உள்ளே வரும். இதை மெஷினாக்கியவர் டாக்டர் இல்லை நண்பர்களே, நம்மள மாதிரி ஒரு இன்ஜினியர்!

பிலிப் டிரிங்கர் 1894-ல் அமெரிக்காவில் பிறந்தார். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஹார்வர்டில் வேலை. போலியோ, குழந்தைகளின் மூச்சுத் தசைகளை முடக்கிய காலம் அது. லூயிஸ் ஷாவுடன் சேர்ந்து, தசை முடங்கிய ஒரு பூனையைத் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பெட்டிக்குள் வைத்து, சிரிஞ்சால் பெட்டிக் காற்றை இழுத்து இழுத்து விட்டார். பூனை மூச்சு விட்டது!

அதையே மனித அளவில் இரும்புத் தொட்டியாகச் செய்தார். 1928-ல் பாஸ்டனில் 8 வயதுச் சிறுமிக்கு அதில் சில நிமிடத்திலேயே நினைவு திரும்பியது. ஆனால் சில நாளில் நிமோனியாவில் இறந்துவிட்டாள். மறுவருடம் ஒரு கல்லூரி மாணவர் பிழைத்தார். 'இரும்பு நுரையீரல்' உலகம் முழுக்கப் பரவியது.

1931-ல் ஜான் எமர்சன் அதைவிட மலிவாக ஒன்று செய்தார். டிரிங்கர் தரப்பு பேட்டன்ட் வழக்குப் போட்டது, தோற்றது. மலிவான மெஷின் தப்பித்தது, நல்லதுதான்!

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது தொட்டிகள் போதவில்லை. தொண்டையில் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டுக் கையாலேயே பையை அமுக்கிக் காற்றைத் தள்ளினார்கள். இழுப்பது போய்த் தள்ளுவது வந்தது. இன்றைய வென்டிலேட்டர்களும் அப்படித்தான்.

டிரிங்கர் 1972-ல் காலமானார். இரண்டே வருடத்தில், அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால் ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதை எலிகளில் காட்டினார்கள். நோயுற்ற நுரையீரலில் பாதி அடைத்திருக்கும். வருகிற காற்றெல்லாம் மீதிப் பாதியிலேயே போய் அதை ஊதிக் கிழிக்கும். 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த இடத்தில் 6 மில்லி கொடுத்தார்கள். இறப்பு 100-க்கு 40-லிருந்து 31 ஆனது.

நாளைக்கு நீங்க ப்ராஜெக்ட்டுக்கு வென்டிலேட்டர் செஞ்சா, எவ்வளவு தள்ளும்னு காட்டுறதுக்கு முன்னாடி, எங்கே நிக்கும்னு டெஸ்ட் பண்ணுங்க. அந்தப் பக்கம் படுத்திருப்பவரால் போதும்னு சொல்ல முடியாது.