விண்ணப்பத்தால் நிலம் அளந்தவர்

எவரெஸ்ட் என்ற பெயரை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. அப்பெயருக்குரிய ஜார்ஜ் எவரெஸ்ட் 1818-இல் யாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார் என்று கேட்டால் பட்ட வகுப்பு மாணவரும் சற்றுத் திகைப்பர். அவர்தாம் கர்னல் வில்லியம் லாம்ப்டன். அவர் அளந்த நிலத்தைவிட, அளக்க வேண்டும் என்று அவர் எழுதிய விண்ணப்பமே என்னைக் கவர்ந்தது. ஆய்வுத் திட்டத்திற்குப் பொருளுதவி கேட்டு எழுதும் வேலை நம் துறைகளில் ஆண்டுதோறும் நடப்பதுதானே!

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் 1753-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் லாம்ப்டன். அமெரிக்கக் கண்டத்தில் படைவீடுகளை மேற்பார்க்கும் பணியில் இளமை கழிந்தது. ஓய்வு நேரமெல்லாம் கணிதமே துணை. இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைக் கடந்துவிட்டது, பதவியோ சிறியது. 1799-இல் சீரங்கப்பட்டினப் போரின்போது, இருளில் படை திசை மாறித் திப்புவின் பாசறை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கொண்டு கண்டு சொன்னவர் இவர்.

மைசூர் வீழ்ந்ததும், சோழமண்டலக் கரையிலிருந்து மலையாளக் கரைவரை முக்கோணங்களால் நிலத்தை அளக்கலாம் என்று எழுதினார். ஒரே ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துவிட்டால், பிறகு கோணங்களை மட்டும் அளந்து மற்றத் தொலைவுகளைக் கணக்கிட்டு விடலாம் என்பது முறை. அவர் உள்ளத்தில் இருந்ததோ உலகின் வடிவத்தை அறியும் வேட்கை. அதை மட்டும் எழுதியிருந்தால் வணிகக் கம்பெனி காசு தந்திருக்குமா? புதிதாகக் கைப்பற்றிய நாட்டில் முக்கிய இடங்களின் நிலையை உறுதி செய்யலாம் என்பதை முன்னே வைத்தார். உலகின் வடிவத்தைப் பின்னே வைத்தார். இரண்டும் உண்மை. கேட்டது கடலிலிருந்து கடல்வரை; ஆனால் அத்தொடரை எத்திசையிலும் நீட்டலாம் என்றும் சேர்த்துவைத்தார். அந்த ஒரு வரியின் சாமர்த்தியத்தை எண்ணி நான் வியக்கிறேன்.

மெக்கன்சி என்பவர் ஏற்கெனவே மைசூரை அளந்துகொண்டிருந்தார். ஒரே வேலைக்கு இருவரா என்ற கேள்வி எழாதா? ஊரும் ஏரியும் வரைவது அவர் பணி, அவற்றை நிறுத்தும் சட்டகம் தருவது தம் பணி என்று பிரித்துக் காட்டினார் லாம்ப்டன். கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி பரிந்துரைத்தார். சென்னை அரசு 1800-இல் இசைந்தது.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலை அருகே முதற்கோட்டின் அளவை தொடங்கியது. கோட்டின் நீளம் ஏழரை மைல். நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை வைத்தாக வேண்டும். வெயிலில் எஃகு நீளுமாதலால் கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்துக் கணக்கிட்டனர். அந்தக் கோடை வெயிலில் சங்கிலி சுமந்த நம் நாட்டுத் தொழிலாளர் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

இசைவு கிடைத்ததும் வாதம் ஓயவில்லை. சீரங்கப்பட்டினம் போக விரும்புவோர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, லாம்ப்டனின் படம் எதற்கு என்று நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் ஏளனம் செய்தாராம். விடையை அளவையே தந்தது. தீபகற்பத்தின் அகலம் பழைய படங்களில் இருந்ததைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்று தெரிந்தது. பல்லக்குத் தூக்கி இதை எங்ஙனம் சொல்வான்?

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சிதைந்தது. வேறொருவர் புதிய கருவி கேட்டு மனுப்போட்டுக் காத்திருப்பார். இவரோ வாரக்கணக்கில் கூடாரத்துள் அடைந்து கிடந்து, தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார்.

1823 சனவரி 20-ஆம் நாள், நாகபுரி செல்லும் வழியில், இங்கன்காட் என்னும் ஊரில் லாம்ப்டன் காலமானார், அங்கேயே புதைக்கப்பட்டார். குறுக்கே கேட்ட அளவை அதற்குள் குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே தக்காணம்வரை நீண்டிருந்தது. எவரெஸ்ட் அதை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார்.