சீஸுக்குள்ள காரீயம் வெச்சது யாரு?

வலையபட்டியில எந்த வீட்டு அடுப்படியிலயும் கேட்டுப் பாருங்க. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வைக்க அப்பத்தா விடமாட்டாங்க. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான். புளிப்பு பட்டால் பித்தளையில் இருக்கும் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கிவிடும். இதே விஷயத்தை லேப்பில் சோதித்து, லண்டன் நகரத்தையே பயமுறுத்திய ஒருத்தர் இருந்தார். ஃபிரெட்ரிக் அக்கும்.

1769-ல் ஜெர்மனியில் பிறந்தவர். 24 வயதில் லண்டன் போய் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். அப்புறம் சொந்தமா லேப் வெச்சு கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தார். 1820-ல் உணவுக் கலப்படம் பற்றி அவர் போட்ட புத்தகம், 1000 பிரதியும் ஒரே மாசத்துல காலி! பச்சை நிறத்துக்காக ஊறுகாயில் செம்பு, மிட்டாய்ச் சாயத்தில் காரீயம்னு எல்லாத்தையும் எழுதினார். கலப்படத்துக்காகத் தண்டிக்கப்பட்ட வியாபாரிகள் பேரையும் போட்டார்.

அதுல ஒரு கதையை மட்டும் கேளுங்க. ஒருத்தர் சீஸ் சாப்பிட்டு வயிற்றுவலியில் துடித்தார். அதன் தோலைத் தின்ற பூனைக்குட்டியும் வாந்தி எடுத்தது. சோதித்தால் சீஸில் காரீயம். சீஸ் செய்தவர் நிறத்துக்காக அனட்டோ என்ற விதைச் சாயம் சேர்த்திருந்தார். சாயம் விற்றவர் அது பளிச்சுனு தெரிய வெர்மிலியன் என்ற சிவப்புப் பொடி கலந்தார். அந்தப் பொடியை விற்றவரோ, எப்படியும் பெயின்ட்டுக்குத்தானேன்னு அதில் காரீயப் பொடி கலந்துவிட்டார். மூணு பேர்ல யாருமே விஷம் வைக்கணும்னு நினைக்கல.

அதே வருஷக் கடைசியில் அக்கும் மாட்டினார். நூலகப் புத்தகங்களில் பக்கம் கிழித்தார்னு வழக்கு. கோர்ட்டுக்கு வராமலே ஜெர்மனி திரும்பி, பெர்லினில் பேராசிரியராகி, 1838-ல் இறந்தார். ஆளோடு சேர்த்து அவர் சொன்னதையும் இங்கிலாந்து ஓரங்கட்டிவிட்டது. அங்கே முதல் கலப்படத் தடைச் சட்டம் வர 1860 ஆச்சு. நடுவில் 40 வருஷம்!

இன்னைக்கு டார்க் சாக்லேட்டுக்கு வாங்க. 2022-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 28 சாக்லேட்டுகளைச் சோதித்தது. எல்லாத்துலயும் காரீயமும் காட்மியமும் இருந்தது. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியா கொக்கோவுக்கு வருது. காரீயம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, கொட்டை காயும்போது தூசியோடு ஒட்டுது. இங்கேயும் யாரும் வேணும்னு வைக்கல. அதனாலதான் நல்ல மனசு மட்டும் போதாது. எவ்வளவு வரை இருக்கலாம்னு ஒரு நம்பர் வேணும், அதை அளக்க லேப் வேணும். ஐரோப்பிய யூனியன் 2019 முதல் 50 சதவீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள சாக்லேட்டில், கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் காட்மியம் வரைதான் அனுமதிக்குது.

நம்ம நாட்டில் 2006-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அதன் 40-வது பிரிவுப்படி, ஒரு பொருள் மேல் சந்தேகம்னா, சோதிக்கப் போறேன்னு வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிட்டு, நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். அக்கும் தனி ஆளா செய்ததை, இப்போ பொருள் வாங்குற யாரும் செய்யலாம். ஹாஸ்டல் மெஸ்ஸில் மஞ்சள்தூள் கொஞ்சம் ஓவரா பளபளத்தால், இது ஞாபகத்துக்கு வரட்டும்.