ஹென்றி கிளிப்டன் ஸார்பி

இரும்புத் தொழிலிற் புகழ்பெற்ற ஷெபீல்டு நகருக்கு அண்மையில், 1826ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் ஹென்றி கிளிப்டன் ஸார்பி பிறந்தார். அவர் குடும்பத்தார் கத்தி முதலிய கருவிகள் செய்து பொருள் ஈட்டியவர். 1847இல் தந்தையாரை இழந்த ஸார்பி, தமக்கு வந்த செல்வத்தை வாணிகத்திற் பெருக்க விரும்பினாரல்லர். இல்லத்திலேயே ஆய்வுச்சாலை அமைத்து, அன்னையாரோடு வாழ்ந்து, மணம் புரியாமலே தம் வாணாளை அறிவுத் தொண்டிற் செலவிட்டார்.

கல்லின் உட்புறத்தைக் காண்பது எங்ஙனம் என்பதே அவர் முதலில் எடுத்துக்கொண்ட வினா. 1849இல், பாறைத் துண்டொன்றைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய தகடாக்கிக் கண்ணாடியின்மேல் ஒட்டிப் பூதக்கண்ணாடியால் நோக்கினார். இருண்டிருந்த கல் ஒளி புகுந்து தன் அமைப்பைக் காட்டிற்று. மலையை ஆராயப் பூதக்கண்ணாடியோ என்று நகைத்தாரும் உளர். அவர் அதனைப் பொருட்படுத்திலர்.

1858இல் வெளியான அவரது கட்டுரை நிலநூலில் ஒரு புதுவழி திறந்தது. பளிங்குகள் நீர்மத்தினின்று வளருங்கால், அந்நீர்மத்தின் துளிகளைத் தம்முள் அடைத்துக்கொள்ளும். பளிங்கு குளிரும்போது உள்ளிருக்கும் துளி சுருங்க, அவ்விடத்தே சிறு குமிழி தோன்றும். மீண்டும் சூடேற்றினால் துளி விரிந்து குமிழி மறையும். அது மறையும் வெப்பநிலையைக் கொண்டு, பளிங்கு பிறந்த காலத்து வெப்பத்தை மதிப்பிடலாம் என அவர் விளக்கினார். கருங்கல்லின் பளிங்குகளிலும் நீர்த்துளிகள் இருந்தமையால், அது தோன்றுதற்கு நெருப்பின் வெம்மையோடு நீரும் துணைநின்றது என்பது பெறப்பட்டது.

1863இல் அவர் உலோகங்களின்பாற் கருத்தைச் செலுத்தினார். உலோகம் ஒளி புகவிடாதாகலின், மெல்லிய தகடு பயன்படவில்லை. ஆதலின் எஃகின் முகத்தைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, நீர் கலந்த வெடியமிலத்தால் அரிக்கச் செய்தார். எஃகின் பகுதிகளை அமிலம் ஒரே அளவாக அரிப்பதில்லை. அதனால் மறைந்திருந்த மணிகளும் வரிகளும் வெளிப்பட்டன. 1864இல் பாத் நகரிற் கூடிய அறிஞர் பேரவையில் இதனை எடுத்துரைத்தார். ஆயினும் இருபது ஆண்டளவும் அதனைப் பெரிதாகப் பாராட்டினார் இலர். புகைவண்டி விபத்து நேர்ந்தபோது தண்டவாளத்தைப் பூதக்கண்ணாடியால் ஆராயச் சொல்லியிருந்தால், தம்மைப் பித்தரென்றே கருதியிருப்பர் எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார்.

எனினும் அவர் மனந் தளர்ந்திலர். 1886இல் ஆற்றல் மிக்க கண்ணாடிகளைக்கொண்டு மீண்டும் நோக்கியபோது, எஃகில் முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மின்னிய பகுதி, மென்மையும் வன்மையுமான நுண்ணிய அடுக்குகள் மாறிமாறி அமைந்ததெனக் கண்டார். அந்த ஒளியே காரணமாக அப்பகுதி பிற்காலத்திற் பெர்லைட் எனப் பெயர் பெற்றது. எஃகின் வன்மைக்கும் அதன் உள்ளமைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராயும் உலோக நூல் இவ்வடிப்படையின்மேல் வளர்ந்தது.

ஷெபீல்டில் பர்த் கல்லூரிக்குத் தலைவராயிருந்து, அது வளர்ந்து 1905இல் பல்கலைக்கழகமாவதற்கு உழைத்தவருள் அவரும் ஒருவர். 1908ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் விட்டுச்சென்ற பொருளால் அப்பல்கலைக்கழகத்தில் நிலநூற் பேராசிரியர் பதவியொன்று நிறுவப்பெற்றது.

மாணவ நண்பர்காள்! பரிசிலையும் புகழையும் உடனே எதிர்பார்த்துக் கற்பார் நம்முட் பலர். கல்லுள் அடைபட்ட ஒரு துளியையும் அற்பமென்று தள்ளாத ஸார்பியாரோ, தாம் கண்ட உண்மையை உலகம் காணுமளவும் பொறுத்திருந்தார். அப்பொறுமை நமக்கும் வாய்ப்பதாக.